குரல் உடையும் இடம்

அல்சூரில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழா.
சுவரொட்டியில்
'நாட்டுப்புறப் பாடகி ஷெர்லின் அருள்தாஸ்'.
போனில் கண்ட்ரி என்று சொன்னதால் வந்த வினை.
தொப்பியும் பூட்ஸுமாக அவள் மேடையேற,
பக்கவாத்தியத்துக்கென்று பறையோடு வந்திருந்த இருவரும்
என்னைப் பார்த்தார்கள்.
நான் என் பேஸ் கித்தாரைப் பார்த்தேன்.
செயலாளர் மைக்கைப் பிடித்துச் சமாளித்தார்:
"எந்த நாடு என்று நாங்கள் போடவில்லையே!"

அவள் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது.
பிறகு,
ஓசூர் ரோட்டில் லாரி ஏற்றிப் போனவன்
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலிருந்து கடைசியாகப் போன் செய்த பாட்டு.
அவளே எழுதியது.
இரண்டாம் சரணத்தில் பறைக்காரர்களில் ஒருவர்
குச்சியை வைத்துவிட்டு
விரலால் தோலைத் தொட ஆரம்பித்தார்,
என் தாளத்துக்கு அரை மாத்திரை பின்னால்.
நான் அவருக்காகத் தள்ளி உட்கார்ந்தேன்.

இது போன வருடம்.
முதலில் இருந்தது லிங்கராஜபுரம் கிளப்.
ஞாயிறு இரவு, ஹவுசி ஆட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில்
இருபது நிமிடம்.
நான்கு பேருக்கு எண்ணூறு ரூபாய், கட்லெட் தனி.
மேலே ஏறும்போது அவள் குரல்
ஓரிடத்தில் உடையும்.
ஏற்றத்தில் சைக்கிள் செயின் பல் மாறுமே,
அந்த 'டக்'.
அதற்காகவே தட்டிலிருந்து நிமிர்வார்கள்.

கோரமங்களா ஸ்டூடியோவில் பொப்பண்ணா
அந்த 'டக்'கைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான்.
பச்சைக் கோட்டில் ஒரு பள்ளம்.
இந்த ஊரில் பள்ளத்தை மூடுகிறேன் என்று சொன்னவர்கள் ஏராளம்,
அவன் ஒருவன்தான் மூடினான்.
மூன்று நிமிடம் எட்டு வினாடி.
சில்க் போர்டு சிக்னலில் நின்றால்
நான்கு வண்டிகளில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்,
நான்கிலும் வேறுவேறு வரி.
ஒயிட்ஃபீல்டு கம்பெனி விழாக்களுக்கு
ஜிகினா கோட்டு, பின்னால் பன்னிரண்டு பேர் நடனம்.
பேஸ் ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தது.
நான் கம்மனஹள்ளியில் ஆம்ப் ரிப்பேருக்குப் போனேன்.

கிளப்பின் கரும்பலகையில் அவள் பெயரை அழித்தார்கள்.
அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.
'லின்' மட்டும் இரண்டு மாதம் நின்றது.

ஆறு வருடம் கழித்து, ராத்திரி ஒன்றரைக்குப் போன்.
"டெரிக், அது வரமாட்டேங்குது."
எது என்று நான் கேட்கவில்லை.
ஹெப்பாள் மேம்பாலத்துக்கு அடியில் காரை நிறுத்தி
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
மேலும் கீழும் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெண்ணெய் மாதிரி ஏறியது, வெண்ணெய் மாதிரி இறங்கியது.
அழுதாள்.
அழுகையில்கூட அது உடையவில்லை.
ரோந்து போலீஸ்காரர் தட்டினார்,
டார்ச்சை முகத்தில் அடித்து, அந்த ஹிட் பாட்டின் பெயரைச் சொல்லி
"நீங்கதானே?" என்று கன்னடத்தில் கேட்டார்.
செல்ஃபிக்கு அவள் சிரித்தாள்.

இப்போது பாப்காரர்கள் அவளை
நாட்டுச் சரக்கு என்கிறார்கள்.
கிளப்பில் ஜிகினா என்கிறார்கள்.
ஆனாலும் போன மாதம் கூப்பிட்டார்கள்.
கூப்பிட்டு,
அவளை அழித்த அதே ஆட்கள்,
அந்த மூன்று நிமிடம் எட்டு வினாடியைத்தான் கேட்டார்கள்.

பாதி வேகத்தில் எடுத்தாள்.
நானும் அவளும் மட்டும்.
ஏழு நிமிடம் போனது.
பல்லவி மூன்றாம் முறை வந்தபோது
யாரும் எதிர்பார்க்காத ஒரு சாதாரண வார்த்தையில்,
'அப்புறம்' என்ற வார்த்தையில்,
டக்.

பழைய இடத்தில் இல்லை அது.
இரண்டு சுரம் கீழே இறங்கியிருக்கிறது,
வயதும் இருக்கலாம்.
நான் தந்தியைத் தளர்த்தி
அங்கே போய் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.
சில நாள் வரும்.
நேற்று வரவில்லை.

எண்ணூறு ரூபாய் இன்னும் எண்ணூறுதான்.
இரண்டு பேர் என்பதால் கட்டுப்படியாகிறது.
அந்தப் பறைக்காரர், முனிராஜு,
அடுத்தது எப்போது என்று கேட்டிருக்கிறார்.
கட்லெட் உண்டா என்றும்.